வீட்டு நாஸில் இருக்கும் பாட்டுகளைக் கேட்க எந்த நெட்வொர்க் பிளேயர்?

வாங்கிய சிடிக்களையும் தரவிறக்கிய ஆல்பங்களையும் கோப்புகளாக்கி ஒரு நாஸிலோ (வீட்டு நெட்வொர்க்கில் இணைந்து மற்றக் கருவிகளுக்குக் கோப்பு கொடுக்கும் சேமிப்புப் பெட்டி), ரூட்டரில் செருகிய ஹார்ட் டிஸ்கிலோ சேர்த்து வைத்திருக்கிறீர்கள். அவற்றைக் கம்ப்யூட்டர் பக்கம் போகாமல், ஹாலில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரிலும் ஸ்பீக்கரிலும் கேட்க வேண்டும். கோப்புகளுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே உட்காரும் கருவிதான் நெட்வொர்க் மியூசிக் பிளேயர். ஸ்ட்ரீமர் என்றும் சொல்வார்கள்.

விளம்பரங்களைப் பார்த்தால் எல்லா ஸ்ட்ரீமரும் ஒன்றுபோலவே தெரியும். இத்தனை பிட், இத்தனை கிலோஹெர்ட்ஸ், இன்னின்ன இணையச் சேவைகள் என்று ஒரே மாதிரிப் பட்டியல் இருக்கும். ஆனால் சொந்தச் சேமிப்பிலிருந்து கேட்பவருக்கு அந்தப் பட்டியல் அதிகம் உதவாது. வாங்கிய பிறகு பாடாய்ப் படுத்துவது வேறு விஷயங்கள். ஒரே ஆல்பம் பதினைந்து துண்டாகப் பிரிந்து கிடக்கும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது போன் அணைந்தால் இசையும் நின்றுவிடும். சில வருடம் கழித்து நிறுவனம் ஆப்பைக் கைவிட்டால் பெட்டியே பயனற்றுப் போகும். இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒரே கேள்விதான்: உங்கள் பாட்டுகளின் அட்டவணை யாரிடம் இருக்கிறது?

நான்கு வேலைகள்

ஒரு நூலகத்தில் புத்தகங்கள் அலமாரியில் இருக்கும். எது எங்கே என்பது அட்டவணையில் இருக்கும். இசைச் சேமிப்பும் அப்படித்தான். கோப்புகளை வைத்திருப்பது முதல் வேலை. எந்த ஆல்பம், யார் பாடியது, எந்த வருடம் என்ற அட்டவணையைப் பராமரிப்பது இரண்டாவது. அதைப் பார்த்துப் பாட்டைத் தேர்ந்தெடுப்பது மூன்றாவது. கோப்பை வாங்கி ஒலியாக மாற்றுவது நான்காவது.

முதல் வேலை நாஸுக்கு. மூன்றாவது பெரும்பாலும் போனில் இருக்கும் ஆப்புக்கு. நான்காவது பிளேயருக்கு. இதில் குழப்பமே இல்லை. இரண்டாவது வேலையை மட்டும் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வோர் இடத்தில் வைக்கிறது. பிளேயர்களை வகை பிரிக்க அதுவே சரியான அளவுகோல் என்பது என் கருத்து.

அட்டவணை பிளேயரிலேயே இருந்தால்

இது தொடங்குவதற்குச் சுலபமான வழி. நாஸில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்துவிட்டு, அதன் முகவரியையும் கடவுச்சொல்லையும் பிளேயரின் ஆப்பில் கொடுத்தால் போதும். பிளேயர் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்த்துத் தானே அட்டவணை போட்டுக்கொள்ளும். நாஸில் வேறெதுவும் நிறுவ வேண்டாம். புளூசவுண்ட், சோனோஸ் போன்றவை இந்த வழியில் இயங்குகின்றன. ஃபோல்டரைப் பகிரும் நெறிமுறைக்கு எஸ்எம்பி என்று பெயர். விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஒன்றின் ஃபோல்டரை மற்றொன்று பார்ப்பதும் இதே வழியில்தான்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அட்டவணைக்கு உள்ள வரம்பு. பிளேயரின் நினைவகம் சிறியது. சோனோஸ் தன் அட்டவணையில் 65,000 பாட்டுகள் வரைதான் ஏற்கும். 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கோப்புகளை வாசிக்காது. சில நூறு ஆல்பங்கள் வைத்திருப்பவருக்கு இந்த வரம்பு கண்ணில்கூடப் படாது. வாழ்நாள் சேகரிப்பு வைத்திருப்பவர் முதலில் எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, எஸ்எம்பியின் பதிப்பு. 2017இல் வன்னாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியதற்கு எஸ்எம்பி முதல் பதிப்பில் இருந்த ஓட்டைதான் வழிவிட்டது. அதன் பிறகு விண்டோஸிலும் நாஸ்களிலும் முதல் பதிப்பு இயல்பாகவே மூடியிருக்கும். முதல் பதிப்பை மட்டுமே அறிந்த பழைய பிளேயரை இரண்டாம் கையாக வாங்கினால், நாஸில் அந்தக் கதவைத் திரும்பத் திறந்தால்தான் பாட்டு வரும். பாட்டுக்காக மொத்தச் சேமிப்பையும் ஆபத்தில் வைக்கக் கூடாது. அப்படிப்பட்ட பிளேயரை ஒதுக்கிவிடுங்கள்.

அட்டவணை நாஸில் இருந்தால்

இரண்டாவது வழியில் நாஸிலேயே ஒரு சிறிய சர்வர் மென்பொருள் ஓடும். மினிம்சர்வர், அசெட், மினிடிஎல்என்ஏ ஆகியவை பலரும் பயன்படுத்துபவை. பல நாஸ்களில் இப்படி ஒன்று வாங்கும்போதே இருக்கும். இவை பேசும் மொழி யுபிஎன்பி. அதன்மேல் கட்டப்பட்டதுதான் டிஎல்என்ஏ. சோனி உள்ளிட்ட நிறுவனங்கள் 2003இல் தொடங்கிய கூட்டமைப்பு அது. 2017இல் கூட்டமைப்பைக் கலைத்துவிட்டார்கள். ஆனால் அந்த மொழி டிவி, ஆம்ப்ளிஃபயர், ஸ்ட்ரீமர் என எல்லாவற்றிலும் பரவிவிட்டதால் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இதன் பெரிய பலம், எந்த நிறுவனத்தின் பிளேயரையும் எந்த ஆப்பையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான். ஆப் பிடிக்கவில்லையா, வேறு ஆப். பிளேயர் பழுதா, வேறு பிளேயர். அட்டவணைக்கு ஒன்றும் ஆகாது.

பலவீனமும் உண்டு. "டிஎல்என்ஏ உண்டு" என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. டிஎல்என்ஏ கட்டாயமாக்கிய ஒலி வடிவங்களில், ஒலியை இழப்பில்லாமல் சுருக்கும் ஃபிளாக் இல்லை. எனவே ஃபிளாக்கை வாசிக்குமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். வாசிக்காத பிளேயருக்கு சர்வரே கோப்பை மாற்றிக் கொடுக்க முடியும். இருந்தாலும் அது வலிமை குறைந்த நாஸுக்கு வீண் சுமை.

இன்னொன்று, பாட்டு வரிசை யாரிடம் இருக்கிறது என்பது. சாதாரண யுபிஎன்பியில் அடுத்து என்ன பாட்டு என்பது பெரும்பாலும் போன் ஆப்பின் கையில் இருக்கும். இப்போது ஓடும் பாட்டு முடியும் நேரத்தில் ஆப் தூங்கியிருந்தால் அடுத்த பாட்டு வராது. இதைத் தீர்க்கத்தான் லின் நிறுவனம் ஓப்பன்ஹோம் என்ற விரிவாக்கத்தைக் கொண்டுவந்தது. அதில் வரிசை பிளேயரிலேயே தங்கும். பாட்டுகளை வரிசையில் போட்டுவிட்டுப் போனை அணைத்துவிட்டாலும் ஆல்பம் முழுவதும் ஓடும். வேறு யாராவது தம் போனில் ஆப்பைத் திறந்தால் அவர்களுக்கும் அதே வரிசை தெரியும். யுபிஎன்பி வழியில் போவதாக முடிவெடுத்தால், பிளேயரில் ஓப்பன்ஹோம் இருக்கிறதா, அல்லது அதுபோல வரிசையைத் தானே வைத்துக்கொள்கிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள்.

முழு மூளையும் சர்வரில் இருந்தால்

மூன்றாவது வழியில் சர்வர்தான் எல்லாம். அட்டவணை, வரிசை, எந்த அறையில் எது ஓட வேண்டும் என்ற கட்டுப்பாடு எல்லாமே அதனிடம். பிளேயர் சொன்னதைச் செய்யும் கருவி மட்டும்.

கட்டணம் கட்டிப் பயன்படுத்துவதில் பெயர் பெற்றது ரூன். 2015இல் வந்தது, 2023இல் ஹார்மன் நிறுவனம் அதை வாங்கியது. ஆல்பங்களைப் பற்றிய குறிப்புகளையும் கலைஞர்களுக்கிடையிலான தொடர்புகளையும் அது காட்டும் விதம் அழகு. ஆனால் சந்தாவோ, வாழ்நாள் கட்டணமோ கட்ட வேண்டும். ஓரளவு வலிமையான கம்ப்யூட்டர் ஒன்றும் வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு இது அவசியமில்லை என்றுதான் சொல்வேன்.

இலவசமாகக் கிடைப்பது லிரியன். அதன் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிளேயர் வாங்குபவர் எல்லாருக்கும் அதில் பாடம் இருக்கிறது. ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறிய நிறுவனம் 2001இல் ஸ்லிம்பி3 என்ற நெட்வொர்க் பிளேயரை விற்கத் தொடங்கியது. பிறகு ஸ்குவீஸ்பாக்ஸ் வந்தது. 2006இல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2012இல் ஸ்குவீஸ்பாக்ஸ் வரிசையையே நிறுத்திவிட்டது. அந்தப் பெட்டிகளுக்காக நடத்திவந்த இணையச் சேவையையும் 2024 தொடக்கத்தில் மூடியது. வேறு கருவியாக இருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் இதன் சர்வர் மென்பொருள் ஆரம்பத்திலிருந்தே திறந்த மூலமாக இருந்தது. பயனர்களே அதைத் தொடர்ந்து வளர்த்தார்கள். லிரியன் என்று புதுப் பெயரும் வைத்தார்கள். விற்பனை நின்று இத்தனை வருடம் ஆன பிறகும் பழைய ஸ்குவீஸ்பாக்ஸ்கள் வீட்டு சர்வரிலிருந்து பாட்டு வாங்கிப் பாடிக்கொண்டிருக்கின்றன.

இதற்கு நேரெதிர், நிறுவனத்தின் சம்மதம் இருந்தால் மட்டும் ஓடும் கருவிகள். கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015இல் வந்து 2019இல் விற்பனையிலிருந்து போனது. 2025 மார்ச்சில் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால், உலகெங்கும் அந்தக் கருவிகளுக்கு ஆப்களிலிருந்து பாட்டு அனுப்ப முடியாமல் போனது. கூகுள் சரிசெய்துகொடுத்தது உண்மைதான். என்றாலும் பாட்டு உங்கள் வீட்டில், ஸ்பீக்கர் உங்கள் வீட்டில், நடுவில் இருந்த பெட்டி மட்டும் தொலைதூரத்து அனுமதிக்காகக் காத்து நின்றது. சொந்தச் சேமிப்பை இவ்வளவு பாடுபட்டு உருவாக்கியவர் அந்த நிலைக்கு ஆளாகக் கூடாது. வெளி இணையம் இல்லாமலும் வீட்டு நெட்வொர்க்குக்குள் முழுதாக இயங்குமா என்பதுதான் நான் முதலில் பார்க்கும் தகுதி.

போனிலிருந்து அனுப்புவது வேறு

ஆப்பிளின் ஏர்ப்ளே, புளூடூத் இரண்டும் இந்த வகைகளில் சேராது. ஏர்ப்ளேயில் பாட்டு நாஸிலிருந்து போனுக்கு வந்து, போனிலிருந்து பிளேயருக்குப் போகும். போனை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினால் இசை நின்றுவிடும். புளூடூத் அதோடு ஒலியைச் சுருக்கியும் அனுப்பும். விருந்தினர் ஒரு பாட்டுப் போட்டுக் காட்ட இவை வசதி. தினசரி கேட்பதற்கு, பிளேயரே நாஸிலிருந்து நேராகக் கோப்பை இழுத்துக்கொள்ள வேண்டும்.

எண்களைக் கண்டு மிரள வேண்டாம்

சிடியில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுகிறார்கள். இடம், வலம் என இரண்டு தடங்கள். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட், சுமார் 1.4 மெகாபிட். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பு சுருக்காத நிலையில் சுமார் 9.2 மெகாபிட். பழைய 100 மெகாபிட் கேபிளே இதைப் போலப் பத்து மடங்கு தாங்கும். ஆக, வேகத்தில் குறை வராது. வைஃபையில் பாட்டு விட்டுவிட்டு வந்தால் காரணம் பெரும்பாலும் சிக்னல் நடுநடுவே அறுந்துபோவதுதான். முடிந்தால் பிளேயரைக் கேபிளில் இணையுங்கள். முடியாவிட்டால் நாஸையாவது ரூட்டரோடு கேபிளில் இணையுங்கள். பாட்டு வைஃபையில் ஒருமுறை மட்டும் பயணித்தால் போதும்.

விலை உயர்ந்த நெட்வொர்க் கேபிள் போட்டால் ஒலி தெளிவாகும் என்று சிலர் சொல்வார்கள். கோப்பு சிறுசிறு பொட்டலங்களாகப் போகிறது. வழியில் ஒன்று தொலைந்தாலோ கெட்டாலோ திரும்பக் கேட்டு வாங்கப்படுகிறது. பிளேயர் அவற்றைத் தன் நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு, சொந்தக் கடிகாரத்தின்படி வாசிக்கிறது. சாதாரணக் கேபிளில் வந்தாலும் அதே பிட்டுகள்தான். அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். வித்தியாசம் முதல் பாட்டிலேயே கேட்கும்.

கோப்பு வடிவத்துக்கு ஃபிளாக் போதும். 2001இல் வந்தது, 2024 டிசம்பரில் இணையத் தர ஆவணமாகவும் வெளியானது. ஒரு பிட்கூட இழக்காமல் சிடியின் அளவைப் பாதியை ஒட்டிக் குறைக்கும். ஒரு டெராபைட் டிஸ்கில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிடிக்கள் அடங்கிவிடும். ஆப்பிளின் ஏஎல்ஏசியும் இழப்பில்லாததுதான். 2011 முதல் திறந்த மூலம். உங்களிடம் டிஎஸ்டி என்ற வேறு வகை ஒலிக் கோப்புகள் இருந்தால் மட்டும் பிளேயர் அதை ஏற்கிறதா என்று பாருங்கள். இல்லாதவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போகலாம்.

இடைவெளியில்லாமல் வாசிப்பது

கச்சேரிப் பதிவுகளிலும் சில ஆல்பங்களிலும் ஒரு பாட்டு அடுத்ததற்குள் வழிந்து செல்லும். சில பிளேயர்கள் ஒரு கோப்பை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்கும். நடுவே அரை நொடி அமைதி வரும். கைதட்டல் நடுவில் வெட்டுப்படும்போது அந்த அரங்கே கலைந்துபோனது போல இருக்கும். நல்ல பிளேயர் இப்போதைய பாட்டு ஓடும்போதே அடுத்ததை எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளும். கேப்லெஸ் என்று சொல்வது இதைத்தான். எம்பி3 வடிவம் கோப்பின் இரு முனையிலும் சிறிது வெற்றிடம் சேர்ப்பதால் அதில் இது கடினம். ஃபிளாக்கில் அந்தச் சிக்கல் கிடையாது. அதனால் ஃபிளாக்கிலும் இடைவெளி விடும் பிளேயரை மன்னிக்கவே முடியாது. யுபிஎன்பியில் பிளேயர், ஆப் இரண்டுமே கேப்லெஸ்ஸை அறிந்திருக்க வேண்டும்.

டேக்

பிளேயரைக் குறை சொல்லும் பலருக்கு உண்மையான பிரச்சினை டேக்கில் இருக்கிறது. எல்லா வழிகளிலும் அட்டவணை பெரும்பாலும் கோப்புக்குள் எழுதியிருக்கும் இந்தக் குறிப்புகளிலிருந்துதான் உருவாகிறது. ஃபோல்டரை எவ்வளவு அழகாக அடுக்கினாலும் டேக் தப்பாக இருந்தால் ஆல்பம் சிதறும். பல பாடகர்கள் பாடிய தொகுப்பு ஒன்று பதினைந்து ஆல்பமாக உடைவதற்குக் காரணம், "ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்" என்ற இடம் காலியாக இருப்பதே. அதில் எல்லாப் பாட்டுக்கும் ஒரே பெயரைப் போட்டால் ஆல்பம் ஒன்றுசேரும்.

ஒரே கலைஞரின் பெயரை மூன்று விதமாக எழுத்துக்கூட்டியிருந்தால் மூன்று கலைஞர்களாகத் தெரிவார்கள். மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டு, எம்பி3டேக் போன்ற இலவசக் கருவிகளால் மொத்தமாகத் திருத்தலாம். இசையமைப்பாளரை வைத்துத் தேடும் பழக்கம் உள்ளவர்கள் சர்வரும் ஆப்பும் அந்தப் பிரிவைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள்; சில ஆப்கள் பாடகர், ஆல்பம் என்பதோடு நின்றுவிடுகின்றன. தமிழ் எழுத்தில் டேக் எழுதுபவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. போன் ஆப்பில் எழுத்து சரியாக வரும். பிளேயரின் சொந்தத் திரையில் கட்டங்கட்டமாக வரலாம், அல்லது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கலாம். எப்போதும் போனிலிருந்தே இயக்குபவருக்கு இது பெரிய குறையில்லை. திரைக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர் முதலில் பார்த்துவிட வேண்டும்.

பின்பக்கத் துளைகள்

இது சுருக்கமாகவே முடியும். எண்களை ஒலிக்கான மின் அலையாக மாற்றும் டாக் சிப் உள்ளே இருந்தால் நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகலாம். ஏற்கெனவே நல்ல டாக் வைத்திருந்தால், டிஜிட்டல் வெளியீடு மட்டும் உள்ள மலிவான பிளேயரே போதும். ஆப்டிகல் வெளியீட்டில் பல கருவிகள் 96 கிலோஹெர்ட்ஸோடு நிற்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் கோஆக்சியல் அல்லது யுஎஸ்பி. ஆம்ப்ளிஃபயரே இல்லையென்றால், அதையும் உள்ளடக்கிய ஸ்ட்ரீமர்கள் கிடைக்கின்றன. ஆனால் ஸ்ட்ரீமர் பகுதி பழசாகும்போது ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும். இரண்டும் தனித்தனியாக இருப்பதுதான் எனக்கு உகந்தது.

கண்ணில் படாத பிளேயர்

எல்லாம் சரியாக இணைத்தும் ஆப்பில் பிளேயரோ சர்வரோ தெரியவில்லையா? யுபிஎன்பி கருவிகள் 239.255.255.250 என்ற பொது முகவரிக்குக் குரல் கொடுத்து ஒன்றையொன்று கண்டுபிடிக்கின்றன. அந்தக் குரல் எட்டாத இடத்தில் ஒன்று இருந்தால் தெரியாது. போன் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா, போனில் விபிஎன் ஓடுகிறதா, ரூட்டரில் கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கும் அமைப்பு போட்டிருக்கிறதா, ஒரு ரூட்டருக்குப் பின்னால் இன்னொரு ரூட்டர் தனி நெட்வொர்க் நடத்துகிறதா என்று பாருங்கள். நாஸுக்கு ரூட்டரில் நிலையான முகவரி ஒதுக்கிவிடுங்கள். முதல் பாட்டு மட்டும் தாமதமாகத் தொடங்கினால் பயப்பட வேண்டாம். தூங்கிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்க எடுக்கும் நேரம் அது.

வாங்குவதற்கு முன்னும் பின்னும்

காசு செலவழிக்காமலே பாதி முடிவை எடுத்துவிடலாம். நாஸில் மினிம்சர்வரையோ லிரியனையோ நிறுவுங்கள். ஆண்ட்ராய்டு போனில் பபிள்யுபிஎன்பி ஆப்பைப் போட்டால் போனே தற்காலிகப் பிளேயராகிவிடும். ஒரு வாரம் ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். டேக்கில் உள்ள குறைகள் அத்தனையும் வெளியே வரும். எந்த வழி உங்கள் பழக்கத்துக்கு ஒத்துவருகிறது என்பதும் தெரியும்.

கொஞ்சம் கைவேலை பிடித்தவர்களுக்கு ராஸ்பெர்ரி பை நல்ல தொடக்கம். சில மாடல்களில் ஹெட்போன் துளையே இல்லை, இருப்பவற்றிலும் ஒலி சுமார்தான், அதனால் ஒரு டாக் பலகையைச் சேர்க்க வேண்டும். மூட், வாலுமியோ, பைகோர்பிளேயர் என்று அதற்கான மென்பொருள்கள் இருக்கின்றன. லிரியனோடு இணைக்க பைகோர்பிளேயர் மிகப் பொருத்தம். ஒரு மென்பொருள் பிடிக்கவில்லையென்றால் மெமரி கார்டை மாற்றினால் வேறு பிளேயர் தயார். கைவேலை வேண்டாம், நேராக ஓட வேண்டும் என்பவர்கள் எஸ்எம்பி, யுபிஎன்பி, லிரியன் மூன்றில் குறைந்தது இரண்டை அறிந்த பிளேயராகப் பார்த்து வாங்குங்கள். ஒரு வழி அடைபட்டாலும் இன்னொன்று இருக்கும்.

அப்புறம், நாஸில் இரண்டு டிஸ்க் ஒன்றையொன்று பிரதி எடுப்பதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். தவறி அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். சேகரிப்பின் நகல் ஒன்று தனி டிஸ்கில், நாஸோடு இணைக்காமல் இருக்கட்டும்.

பிளேயர் வீட்டுக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சில ஆல்பங்களைப் போட்டுப் பாருங்கள். இடைவெளியில்லாத கச்சேரிப் பதிவு ஒன்று, பல பாடகர்களின் தொகுப்பு ஒன்று, 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் ஆல்பம் ஒன்று, தமிழ் டேக் உள்ளது ஒன்று. ஆல்பம் ஓடும்போது போனை முழுதாக அணைத்துவிட்டு, அடுத்த பாட்டு வருகிறதா என்று காத்திருங்கள். கடைசியாக, ரூட்டருக்கு வெளியிலிருந்து வரும் இணையக் கேபிளைக் கழற்றுங்கள். பிளேயரை அணைத்துத் திரும்பப் போடுங்கள். ஆப்பையும் மூடித் திறந்து, நாஸிலிருந்து புதிதாக ஓர் ஆல்பத்தைத் தேர்ந்தெடுங்கள். பாட்டு வந்தால் வைத்துக்கொள்ளலாம். உள்நுழையச் சொல்லிக் கேட்டு நின்றுவிட்டால் பெட்டியைத் திரும்பக் கட்டி அனுப்பிவிடுங்கள்.